வேலி தாண்டும் பட்டி மாடு: பழக்கத்தை மாற்றுவதும் வேலியைச் சீர்செய்வதும்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். பொம்மையும் அகல் விளக்கும் வேகும் சூளைகளைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்தால் எங்கும் செம்மண் கொல்லைகள். முந்திரி, இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலை, மக்காச்சோளம், கரும்பு, தண்ணீர் வசதி உள்ள இடத்தில் நெல் என்று பயிர்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு காணி, இரண்டு காணி வைத்திருக்கும் குடும்பங்களே அதிகம். கூடவே இரண்டு மூன்று கறவை மாடுகள். ஒருவர் கொட்டகைக்கும் அடுத்தவர் மல்லாட்டைக்கும் நடுவே இருப்பது ஒரு வரப்பும் நாலு இழை முள்கம்பியும்தான். அந்தக் கம்பியில் நுழைந்து போகக் கற்றுக்கொண்ட மாடு ஒன்று இருந்தால் போதும், பால் காசு நஷ்டஈட்டுக்குப் போய்விடும். பக்கத்துக் கொல்லைக்காரரோடு பேச்சுவார்த்தையும் நின்றுவிடும்.

இப்படி ஊர் மேயும் மாட்டைத்தான் பட்டி மாடு என்கிறோம். பட்டி மாடு வைத்திருப்பவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மாட்டை அடித்து நாள் முழுக்கக் கட்டிப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் கடன் வாங்கிப் புதுக் கம்பி போடுகிறார்கள். இரண்டுமே பாதி வேலைதான். மாடு வேலியைத் தாண்டியதற்குக் காரணம் ஒன்று இருக்கும். தாண்ட முடிந்ததற்கு வேலியில் இடம் ஒன்று இருக்கும். காரணத்தை விட்டுவிட்டு இடத்தை மட்டும் அடைத்தால் மாடு வேறு இடம் பார்க்கும். இடத்தை விட்டுவிட்டு மாட்டை மட்டும் கட்டினால், கயிறு அவிழும் முதல் நாளில் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

எந்த நேரத்தில் தாண்டுகிறது?

முதலில் ஒரு நோட்டில் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒரு மாதம் குறித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

விடியற்காலையில் தாண்டுகிறது என்றால் பசி. மாலையில் கொடுத்த வைக்கோல் நடு இரவுக்குள் தீர்ந்து, காலைக் கறவை முடிந்த பிறகும் தீவனம் வராத வீடுகளில்தான் இது அதிகம். நல்ல நிலையில் உள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும் 5 முதல் 6 கிலோ உலர் தீவனமும் தேவை. கறவைக்கான அடர் தீவனம் தனி. உலர் தீவனத்தில் பெரும்பகுதியை இரவு படுக்கும் முன் கொடுத்துப் பாருங்கள்; செலவே இல்லாத மாற்றம் இது. கிணற்று வாய்க்கால் ஓரத்தில் பத்து சென்ட் கோ-5 கம்பு நேப்பியர் புல் இருந்தால் இன்னும் நல்லது. நட்டு 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்பு, அதன்பின் 45 நாட்களுக்கு ஒரு அறுப்பு வரும். வேலிக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு பங்கைப் புல்லுக்குப் போடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. வயிறு நிறைந்த மாடு முள்ளில் தலையை நுழைப்பது அரிது.

18 முதல் 24 நாட்களுக்கு ஒரு முறை தாண்டி, இடையில் சாதுவாக இருக்கிறது என்றால் அது சினைப் பருவம். கத்துதல், மற்ற மாட்டின் மேல் தாவுதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை. அன்றைக்கு மாட்டை அடிப்பதில் பயன் கிடையாது. காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். அடுத்த 21-ஆம் நாளைக் காலண்டரில் குறித்து, முந்தைய நாளே கொட்டகைக்குள் கட்டிவிடுங்கள்.

கோடையில் மட்டும் தாண்டுகிறதா? குளம்புத் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பயிரை விட்டுவிட்டுக் குட்டைக்கோ பம்ப்செட் தொட்டிக்கோ போயிருந்தால் தாகம். கறவை மாடு வெயில் நாளில் 60 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டுவது போதாது. நிழலில் ஒரு தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

சில மாடுகள் பயிரைப் பெரிதாக மேயாது. வேலிக்காலை நக்கும், கயிற்றை மெல்லும், எலும்பு, துணி, மண் என்று கண்டதையும் கடிக்கும். இது சேட்டை அல்ல, தாது உப்புக் குறைபாடு. குறிப்பாகப் பாஸ்பரஸ் குறைந்தால் இப்படி வரும். பெரிய மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்க வேண்டும். அதற்கு முன் குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். புழு இருக்கும் வயிற்றில் தாது உப்பு கொட்டியும் பலனில்லை.

கன்றைப் பிரித்த முதல் வாரம், கூட்டாளி மாட்டை விற்றுவிட்டுத் தனியாக நிற்கும் நாட்கள், ஈக்கடி மிகுந்த மழைக்காலம் ஆகியவையும் வேலிக்குச் சோதனையான காலங்கள்தான். இவை தானே தணியும். அந்த நாட்களில் மட்டும் கண்காணிப்பு போதும்.

பழகிவிட்ட மாட்டை என்ன செய்வது?

பசிக்காகத் தாண்ட ஆரம்பித்த மாடு, பசி தீர்ந்த பிறகும் பழக்கத்துக்காகத் தாண்டும். பக்கத்துக் கொல்லையில் பச்சை மல்லாட்டைக் கொடி இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அதைவிடத் தொந்தரவு, கூட இருக்கும் கன்றும் தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. மூன்று மாடுகள் தாண்டுகின்றன என்று சொல்லும் இடத்தில் உற்றுப் பார்த்தால் வழி திறப்பது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒன்றைத் தனியே நிறுத்தினால் மற்ற இரண்டும் வேலிக்குள் நிற்கும்.

கழுத்தில் தொண்டுக்கட்டை தொங்கவிடுவது பழைய முறை. ஓடும்போதும் தாவும்போதும் கட்டை முன்னங்காலில் தட்டுவதால் மாடு நிதானிக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி, எடை குறைந்த உருண்டைக் கட்டையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று கிலோவைத் தாண்டினால் காலில் காயமும் கழுத்தில் புண்ணும்தான் மிச்சம். கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பிளந்து நுழையும் மாட்டுக்கு, மூன்று கழிகளை முக்கோணமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவது இன்னும் பொருத்தம். ஆட்டுக்குச் செய்வதுதான், அளவு பெரியது. கழி நுனிகள் கம்பியில் முட்டும், மாடு பின்வாங்கும். இரவில் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் பலன் தெரியாவிட்டால் அந்த மாட்டுக்கு இது ஒத்துவராது.

தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கயிறு போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். ஓடைச் சரிவில் விழுந்தால் மாட்டால் எழுந்திருக்க முடியாது. சினை மாடாக இருந்தால் கன்றும் போகும். நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற குறுகிய கயிற்றிலோ கனத்த சங்கிலியிலோ கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

முளையடித்து மேய்ச்சலில் கட்டுவதானால் 15 முதல் 20 அடிக் கயிறும், முறுக்கேறாமல் சுழலும் வளையமும், இரண்டு அடி ஆழம் இறங்கும் இரும்பு முளையும் தேவை. ஒரு நாளில் இரண்டு முறையாவது இடம் மாற்றுங்கள். முந்திரி மரத்தில் நேரடியாகக் கட்டாதீர்கள். கயிறு உரசிப் பட்டை உரியும் இடத்தில் தண்டு வேர் துளைப்பான் வண்டு முட்டையிட வசதியாகிவிடும். ஒரு மாட்டைக் கட்டப்போய்ப் பலன் தரும் மரத்தை இழக்கக் கூடாது.

வேலியைச் சுற்றி ஒரு நடை

பழுது பார்க்கும் முன் வேலியை முழுவதுமாக ஒரு முறை சுற்றி வாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது தடம் நன்றாகத் தெரியும். முள்ளில் ஒட்டியிருக்கும் முடியைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். அடி இழையில் முதுகு முடி இருந்தால் மாடு கீழே நுழைந்து போகிறது. நடு இழைகளில் கழுத்து முடி இருந்தால் பிளந்து போகிறது. மேல் இழையில் வயிற்று முடி இருந்தால் தாவுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. கீழே நுழையும் மாட்டுக்கு வேலியை இன்னும் உயர்த்துவது வீண் செலவு.

மாட்டுக்கான முள்கம்பி வேலிக்கு ஐந்து இழை இருந்தால் நிம்மதி. தரையிலிருந்து முதல் இழை 12 அங்குலம், அதற்கு மேல் 9 அங்குலத்துக்கு ஒன்று. அப்படிப் போட்டால் ஐந்தாவது இழை 48 அங்குலத்தில், அதாவது நான்கு அடியில் நிற்கும். கன்றுகள் இருந்தால் முதல் இழையை 9 அங்குலத்துக்கு இறக்குங்கள். செலவைக் கணக்கிட ஓர் அளவு: சதுரமான ஒரு காணி நிலத்துக்கு, அதாவது 132 சென்ட்டுக்கு, சுற்றளவு ஏறக்குறைய 960 அடி. எட்டு அடிக்கு ஒரு கால் என்றால் 120 கால்கள். ஐந்து இழைக்கு 4,800 அடிக் கம்பி. நீளவாக்கில் ஒடுங்கிய கொல்லையாக இருந்தால் அதே பரப்புக்குச் சுற்றளவு கூடும். அதனால் கடைக்குப் போகும் முன் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

வேலி தளர்வது பெரும்பாலும் மூலைக் காலில்தான். நடுவில் எங்கோ கம்பி தொய்ந்திருக்கும். ஆனால் மூலைக் கால் இரண்டு அங்குலம் சாய்ந்ததுதான் காரணமாக இருக்கும். மூலையிலும், நேர் ஓட்டத்தில் நூறு அடிக்கு ஒன்றாகவும் முட்டுக்கால் கொடுக்க வேண்டும். ஏழு அடி சிமென்ட் கால் என்றால் இரண்டு அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். சாய்ந்த காலை நிமிர்த்திப் பக்கத்தில் இரண்டு கல்லைச் செருகிவிட்டுப் போவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. சுற்றிலும் தோண்டி, கால் நேராக நிற்கும்படி பிடித்து, சரளையும் மண்ணும் கலந்து அரை அடிக்கு ஒரு முறை கடப்பாரையின் பின்முனையால் இடித்து நிரப்புங்கள். மேல்மண்ணைக் காலிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி அணைத்துவிட்டால் தண்ணீர் தேங்காது. நம் பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாகிவிடும். ஒரு மழை பெய்த இரண்டாம் நாள் இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஆள் கூலி பாதியாகும். கான்கிரீட் எல்லாக் கால்களுக்கும் தேவையில்லை. மூலைக்கும் வாயிலுக்கும் போட்டால் போதும்.

சவுக்குக் கழியும் தைல மரக் கழியும் மலிவு என்று முழு வேலியையும் அதிலேயே நடுகிறார்கள். தரையோடு ஒட்டிய இடத்தில் கரையான் அரித்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஒடிந்துவிடும். ஐந்து காலுக்கு ஒன்று சிமென்ட்டோ கல்லோ இருந்தால் நடுவிலுள்ள கழிகள் ஒடிந்தாலும் வேலி படுக்காது. மண்ணுக்குள் போகும் பகுதியையும் அதற்கு மேல் ஓர் அடியையும் தீயில் கருக்கி, தார் பூசி நடுவது பழைய முறைதான், இன்றைக்கும் பலன் தருகிறது. வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆயிலைக் கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள கால்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கம்பி அறுந்தால் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு விடுவது எல்லோரும் செய்வது. முடிச்சு இறுகும்போது கம்பி ஒடியும். இரு முனைகளையும் தனித்தனியே கொக்கி போல வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, ஒவ்வொரு முனையையும் தன் கம்பி மீதே ஐந்தாறு சுற்று சுற்றினால் இழுவை தாங்கும். நீளம் போதாவிட்டால் நடுவில் ஒரு துண்டு சேர்க்கலாம். வளைக்கும்போதே உடைகிற அளவுக்குத் துரு ஏறியிருந்தால் அந்த இழையை ஒட்டுப்போடாதீர்கள். மூலையிலிருந்து முட்டுக்கால் வரை மாற்றிவிடுங்கள். இழுவையில் இருக்கும் கம்பி அறுந்தால் பாம்பு போலச் சுருண்டு திரும்பி வரும். தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

கம்பி காலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாடு நிற்கும் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். அப்போது மாடு தள்ளினால் கம்பி காலின் மேல் அழுந்தும். மறுபக்கம் இருந்தால் தள்ளத் தள்ளக் கட்டுக்கம்பிதான் பிய்ந்துகொண்டு போகும். நடு இழைகளைப் பிளந்து நுழையும் மாட்டுக்கு, இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு மூங்கில் பிளாச்சை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஐந்து இழையோடும் கட்டிவிடுங்கள். இழைகள் விலகாது. புதிதாக ஓர் இழை கூடுதலாகப் போடுவதைவிட இது மலிவு.

வாயிலும் வாய்க்காலும் தனிக் கவனம் கேட்கும். கயிற்று வளையம் போட்ட படலைக் கொம்பால் தூக்கிக் கழற்றும் மாடுகள் உண்டு. சங்கிலியும் கொக்கியும் போட்டு, கொக்கியை வெளிப்பக்கம் வையுங்கள். இரும்புக் கதவாக இருந்தால் மேல் கீலைத் தலைகீழாகப் பொருத்தினால் கதவைத் தூக்க முடியாது. வேலிக்கு அடியில் வாய்க்கால் போகும் இடத்தில், இரு பக்கக் கால்களுக்கும் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி அதில் கழிகளை நெருக்கமாகத் தொங்கவிடுங்கள். வெள்ளம் வந்தால் கழிகள் விலகிக் குப்பையை விடும். வடிந்ததும் திரும்பித் தொங்கும். அங்கே முள்கம்பியை இழுத்துக் கட்டினால் முதல் ஐப்பசி மழையில் சருகும் செத்தையும் சேர்ந்து இரண்டு பக்கக் காலையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

அறுந்த இடத்தை அன்றைக்கே அடையுங்கள். கம்பி வாங்கப் பணமில்லாவிட்டால் கருவேல முள்ளை வெட்டிப் போட்டாவது அடையுங்கள். ஒரு இரவு திறந்திருந்த இடத்தை மாடு பல மாதங்களுக்கு மறக்காது.

வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகள்

வேலி வேலையில் மாட்டுக்கு வரும் பெரிய ஆபத்து வேலி முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வெட்டி எறிந்த கட்டுக்கம்பித் துண்டுகளும் வளைந்த ஆணிகளும் புல்லோடும் வைக்கோலோடும் வயிற்றுக்குள் போய்விடும். மாடு மென்று பார்த்து விழுங்கும் பிராணி இல்லை. முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடும். இரும்பு கனம் என்பதால் இரண்டாம் வயிறான வலைவயிற்றில் தங்கும். அதற்கு முன்னால் சில அங்குலத்தில் இதயம் இருக்கிறது. சினை முற்றி வயிறு அழுந்தும்போதோ கன்று ஈனும்போதோ கம்பி வயிற்றுச் சுவரைக் குத்தி இதய உறை வரை போகும்.

திடீரெனத் தீவனம் குறைதல், பால் வற்றுதல், முதுகை வளைத்து நிற்றல், முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விலக்கி வைத்தல், மேட்டிலிருந்து இறங்கத் தயங்குதல், படுக்கும்போதும் எழும்போதும் முனகுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பிறகு தாடைக்குக் கீழும் மார்புப் பகுதியிலும் நீர் கோத்து வீங்கும். அந்தக் கட்டத்துக்கு வந்த மாட்டைக் காப்பாற்றுவது கடினம். ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் வலைவயிற்றில் காந்தம் செலுத்தியோ அறுவை சிகிச்சை செய்தோ பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. வயிற்றுப் பொருமல் என்று நினைத்து வாரக்கணக்கில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இதைத் தடுக்க ஒரு டப்பா போதும். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் அதில் போடுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வேலி ஓரமாக இழுத்துக்கொண்டு ஒரு நடை நடங்கள். எவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சூளையிலிருந்து வரும் உடைந்த பீங்கான் ஓடுகளைப் பள்ளம் மேவுவதற்காக மேய்ச்சல் பக்கம் கொட்டுவதையும் விட்டுவிடுங்கள். குளம்பின் நடுவே ஏறினால் சீழ் பிடித்து மாடு மாதக்கணக்கில் நொண்டும்.

உயிர்வேலி

கம்பிக்குப் பின்னால் உயிர்வேலி ஒன்றை வளர்த்துவிட்டால் ஐந்தாறு ஆண்டில் கம்பி துருப்பிடிக்கும் நேரத்துக்கு அது தயாராகிவிடும். கிளுவை, களாக்காய், கொடுக்காப்புளி, இலந்தை, ரயில் கற்றாழை எல்லாம் வறட்சி தாங்குபவை. கிளுவைப் போத்துகளைக் கம்பி ஓரமாக ஓர் அடிக்கு ஒன்றாக நடலாம். கிளைரிசிடியா முள் இல்லாவிட்டாலும் தழை உரமும் தீவனமும் தரும். போத்து பருத்தால் அதுவே வேலிக்கால் ஆகும். நடவை ஆடி, ஆவணி மழையோடு வைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாக வேர் பிடிக்கும். முதல் இரண்டு ஆண்டு மாடு கடிக்காமல் காக்க வேண்டும்.

பக்கத்து ஊர்ப் பெயரையே தாங்கிய நெய்வேலிக் காட்டாமணக்கு வேலியாக நட எளிதானது. மாடு தொடாது, எங்கு நட்டாலும் வரும். ஆனால் அது ஏரி, வாய்க்கால் எங்கும் பரவித் தண்ணீரை அடைத்துவிடும். கோடையில் வேறு பச்சை இல்லாமல் ஆடுகள் தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துச் சாகும். சீமைக் கருவேலைக்கு வேலிக்காத்தான் என்று பெயர் வைத்தார்கள். இப்போது வேலிக்குள் இருக்கும் நிலத்தையும் அதுவே காத்துக்கொண்டிருக்கிறது. அரளியை மாட்டு நிலத்தின் ஓரத்தில் நடவே கூடாது. கவாத்து செய்த அரளிக் கிளை வாடிக் கிடந்தாலும் விஷம்தான். சில கைப்பிடி இலை ஒரு மாட்டைக் கொன்றுவிடும்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடாதீர்கள்

பன்றித் தொல்லைக்கும் மாட்டுத் தொல்லைக்கும் பம்ப்செட் லைனிலிருந்து கம்பிக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து விவசாயியும், சில வேளை கம்பியைக் கட்டியவரின் வீட்டாரும்தான் அதில் சாகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. மின் திருட்டு, உயிரிழப்பு என்று இரண்டு வழக்குகளும் வரும். மாடு தின்ற மல்லாட்டைக்கு நஷ்டஈடு கொடுத்துவிடலாம்.

சூரிய சக்தி மின்வேலி வேறு. அதிலுள்ள எனர்ஜைசர் கருவி ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு முறை, மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் அதிர்வைக் கொடுக்கும். மாட்டுக்குச் சுரீரென்று இருக்கும், உயிர் போகாது. தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள் 2023-இல் வந்துள்ளன. மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும், கருவி பி.ஐ.எஸ். தரத்தில் இருக்க வேண்டும். காப்புக்காடுகளை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். மானியம் உண்டா, இந்த ஆண்டு எவ்வளவு என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். விற்பனையாளர் சொல்லும் மானியத்தை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நம் பகுதியில் சூரிய வேலி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களின் வேலியில் பெரும்பாலும் எர்த் சரியில்லை. காய்ந்த செம்மண்ணும் சரளையும் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆறடி எர்த் கம்பிகள் மூன்றை, பத்தடி இடைவெளியில், தொட்டித் தண்ணீர் வழியும் ஈர இடத்தில் இறக்குங்கள். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்தது இன்சுலேட்டர். பிளாஸ்டிக் வெயிலில் வெடித்துவிடும். பீங்கான் நீடிக்கும், ஆனால் மேல்பூச்சு உரிந்தாலோ கீறல் விழுந்தாலோ உள்ளே ஈரம் ஏறி, மழை நாளில் மின்சாரம் காலுக்கு இறங்கிவிடும். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு நல்ல பீங்கானைத் தட்டிப் பார்க்கத் தெரியும். கணீரென்று ஒலிக்க வேண்டும். வேலியில் தொடும் புல்லையும் கொடியையும் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டுங்கள். முள்கம்பியில் ஒருபோதும் மின் இணைப்பு கொடுக்கக் கூடாது. சிக்கிக்கொண்ட பிராணி விடுபட முடியாமல் திரும்பத் திரும்ப அதிர்ச்சி வாங்கும்.

தாண்டி மேய்ந்துவிட்டால்

முதலில் என்ன தின்றது என்று பாருங்கள். சண்டை பிறகு.

பூக்காத இளம் சோளப் பயிர், வறட்சியில் குன்றிய சோளம், அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்புச் சோளம், மரவள்ளி இலை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அவற்றிலுள்ள நஞ்சு சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறலையும் நடுக்கத்தையும் உண்டாக்கி மாட்டைச் சாய்த்துவிடும். மாற்று மருந்தை மருத்துவர் நரம்பு வழியாகத்தான் செலுத்த வேண்டும். மருந்து தெளித்த பயிர் என்றால் நிலத்துக்காரரிடம் மருந்து டப்பாவைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அவரோடு மனஸ்தாபம் இருந்தாலும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நெல், அரிசி, மக்காச்சோள மணி, பலாப்பழம் என்று மாவுப் பொருளும் இனிப்பும் அளவுக்கு மீறித் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடும். மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டால் மறுநாள் படுத்துவிடும். அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். தின்ற அளவைக் கேட்டுச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லலாம். அடர் தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். பச்சைப் பயறு வகைச் செடிகளை ஈரத்தோடு தின்று இடது வயிறு உப்பினால் கடலை எண்ணெய் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை புகட்டி, மாட்டை நடக்க வைக்கலாம். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கும் விழுங்கத் திணறும் மாட்டுக்கும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முந்திரிப் பழம் கொஞ்சம் தின்றால் தவறில்லை. கொட்டையோடு மென்றால் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கும்.

கம்பி கிழித்த காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காமல் மருந்து போடுங்கள். மடியிலோ காம்பிலோ கிழிசல் என்றால் அன்றே தையல் போட வேண்டும். ஆறட்டும் என்று விட்டால் அந்தக் காம்பு போய்விடும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அடுத்தவர் மாடு உங்கள் பயிரை மேய்ந்தால் அதை அடித்துக் காலை ஒடிப்பது குற்றம். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரைச் சேதப்படுத்தும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. உரிமையாளர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்க வேண்டும். ஏழு நாட்களில் யாரும் வராவிட்டால் அறிவிப்பு வெளியிடப்பட்டு, அதற்குப் பின் ஏழு நாட்களில் ஏலத்துக்கு வரும். பிடித்த மாட்டை வழிமறித்து மீட்டுக்கொண்டு போவதும் தண்டனைக்குரியது. பல ஊர்களில் இப்போது பவுண்டு இயங்குவதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் வரப்பிலேயே தீர்ந்துவிடுகின்றன. மேய்ந்த அன்றே இரண்டு பேரும் சேர்ந்து போய் எத்தனை பாத்தி, எத்தனை வரிசை என்று எண்ணிவிடுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் சில பயிர் துளிர்த்திருக்கும், சில பயிர் காய்ந்திருக்கும், இருவர் கணக்கும் ஒத்துவராது. இருவர் நிலத்துக்கும் பொதுவான வேலியாக இருந்தால் கம்பிச் செலவு யாருக்கு, கால் செலவு யாருக்கு, அறுந்தால் யார் கட்டுவது என்பதை அடுத்த விதைப்புக்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம். தீவனப் புல் கரணைக்கும் முந்திரிக் கொல்லை ஆலோசனைக்கும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். தொலைபேசியில் கேட்க, கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551.